தபால்காரர் தாண்டிப் போன வாசல்

வேலூர்ப் பேருந்து ஊரை நெருங்குமுன்பே மலை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. திருவண்ணாமலை என்றதும் 217 அடி உயர இராஜகோபுரமும் கார்த்திகைத் தீபமும்தாம் எவர் நினைவிலும் எழும். நான் போனதோ ஓர் எழுத்தாளரின் பிள்ளைப் பருவம் கழிந்த இடத்தைக் காண. ஆடம் ஆஸ்பார்ன் என்பது அவர் பெயர்.

ஊருக்கு மேற்கே, செங்கம் சாலையில் இருக்கிறது ரமணாசிரமம். அதன் சுற்றுப்புறத்தில் 1941-இல் ஓர் ஐரோப்பியக் குடும்பம் குடிவந்தது. தந்தை ஆர்தர் ஆங்கிலேயர். பாங்காக் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். தாய் லூசியா போலந்து நாட்டுப் பெண்மணி. மூன்று குழந்தைகள். குடும்பத்தை இங்கே அமர்த்திவிட்டு ஆர்தர் மட்டும் பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை சயாமில் நுழைந்தது. அவர் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார்.

வாசக நேயர்களே, இது நம் வீடுகளுக்குப் புதிய கதையன்று. நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் ஆண்மக்கள் இருந்த வீடுகள் எத்தனை! என் உம்மம்மா சொல்வார்: தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே கதவிடுக்கில் வந்து நின்றுவிடுவாராம். மூன்று ஆண்டுகள் அவர் எங்கள் வாசலைத் தாண்டியே போனார். பினாங்கிலிருந்த பாட்டனார் உயிரோடிருக்கிறார் என்று போர் முடிந்த பின்னரே தெரிந்தது. அதுவரை அவருக்கென்று ஒரு சட்டை மடித்தபடியே பெட்டியில் இருந்ததாம்.

மொழியும் உறவும் அற்ற ஊரில் லூசியா எப்படித்தான் தாங்கினாரோ! பிள்ளைகள் மலையடிவாரத்தில் தமிழ் பேசி வளர்ந்தனர். தந்தை நலமாகத் திரும்ப வேண்டுமென்று சிறுவன் ஆடம் தன் மழலையில் வேண்டிக்கொண்டது பெற்றோரின் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. 1945-இல் ஆர்தர் திரும்பினார். இரண்டு வயதில் விட்டுப்போன மகனுக்கு அப்போது ஆறு வயது. தந்தையின் முகத்தை அவன் பிறர் சொல்லித்தான் அறிந்திருப்பான்.

கொடைக்கானலில் படிப்பு, 1950-இல், பதினோராம் வயதில் இங்கிலாந்து, பின்னர் அமெரிக்கா. அங்கே அவர் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதிய நூல்கள் இலட்சக்கணக்கில் விற்றன. அரிச்சுவடியும் அறியாதவர்களுக்கென்று முதல் பாகத்துக்கும் முன்பாக 'பூஜ்ஜியம்' என்றே ஒரு பாகம் வெளியிட்டார். அந்தப் பரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. 1981-இல் தூக்கிச் செல்லத்தக்க கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொணர்ந்து உலகப் புகழ் பெற்றார். எடை ஏறத்தாழ 11 கிலோ. தூக்கியவர் பாடு தனி! 1983-இல் அந்த நிறுவனம் திவாலாயிற்று.

நோயுற்ற நிலையில் 1992-இல் அவர் தமிழகத்துக்கே திரும்பினார். கொடைக்கானலில் சகோதரியின் பராமரிப்பில் இருந்து, 2003 மார்ச் 18-இல் காலமானார்.

செங்கம் சாலைத் தேநீர்க் கடையொன்றில் இப்பெயரைச் சொல்லி விசாரித்தேன். பெரியவருக்குத் தெரியவில்லை. "கம்ப்யூட்டர் செஞ்சவரா? நம்ம ஊர்லயா வளர்ந்தாரு?" என்று வியந்தார். தம் மகனும் துபாயில் கம்ப்யூட்டர் வேலைதான் என்றார். இரவு பத்து மணிக்குள் அவன் போன் வராவிட்டால் வீட்டில் எவரும் உறங்குவதில்லையாம்.