கோபன்ஹேகனில் நம்ம ரகுநாத நாயக்கர்

நாங்கள் போன கப்பல் கோபன்ஹேகனில் ஒரு பகல் நின்றது. வாய்க்கால் படகில் ஏறினோம். பாலத்துக்கடியில் போகும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாதாம், அவ்வளவு தாழ்வு. தண்ணியைப் பார்த்ததும் டெல்டாக்காரனுக்கு வரும் முதல் கேள்வி: இது எந்த வயலுக்குப் பாயுது? எதுக்கும் இல்லை. கடல் தண்ணி, கப்பலும் சரக்கும் வர வெட்டியது.

படகு நுழைந்த கிறிஸ்டியன்ஸ்ஹவன் பகுதியை உருவாக்கியவர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தமாகி, தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்ததும் இந்தக் கிறிஸ்டியன் காலத்தில்தான். நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

கப்பல் டிக்கெட் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ் இருக்கிறது. இந்த லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கோட்டையைக் காட்டுங்கள்.