விடுதலையின் பெயர் தாங்கிய பள்ளி

விடுதலை பெற்ற நாடுகள் முதலில் கொடியேற்றுகின்றன. அடுத்துக் கட்டடம் எழுப்புகின்றன. அக்கட்டடம் இறையில்லமாகவும் அமையும்போது, அது யாருடைய குரலில் பேசுகிறது என்ற கேள்வி நம் உள்ளத்தில் எழுகிறது.

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசலை எண்ணிப் பார்ப்போம். இஸ்திக்லால் என்றால் விடுதலை. டச்சு அரசியார் வில்ஹெல்மினாவின் பெயரால் வழங்கிய பூங்காவில், டச்சுக்காரரின் பழைய கோட்டை நின்ற இடத்தில், 1961இல் அதற்கு அடிக்கல் நாட்டினார் அதிபர் சுகர்னோ. முஸ்லிம்கள் வாழும் பகுதிக்கு அருகிலேயே பள்ளி அமையட்டும், கோட்டையை இடிப்பது பெருஞ்செலவு என்று முன்னரே கருத்துரைத்திருந்தார் முகம்மது ஹத்தா. அரண்மனையையும் கத்தோலிக்கப் பேராலயத்தையும் அடுத்தே அமைய வேண்டும் என்ற சுகர்னோவின் விருப்பமே நிறைவேறிற்று. ஹத்தா தொழுவோரை நினைத்தார். சுகர்னோ தேசத்தின் தோற்றத்தை நினைத்தார்.

வரைபடம் தந்தவர் பிரெடெரிக் சிலபான் என்னும் கிறிஸ்தவர். குவிமாடத்தின் 45 மீட்டர் விட்டம், விடுதலை முழங்கிய 1945ஆம் ஆண்டைக் குறிப்பது. 1978இல் பள்ளியைத் திறந்து வைத்தவரோ, சுகர்னோவுக்குப் பின் அதிபரான சுகார்த்தோ. அவர் 1982இல் நிறுவிய அறக்கட்டளை நாடெங்கும் 999 பள்ளிகளைக் கட்டி முடித்தது. அவற்றில் குவிமாடம் இல்லை. ஜாவாவின் பழைய தெமாக் பள்ளியைப் போன்ற மூவடுக்குக் கூரை. உச்சியில் அல்லாஹ்வின் திருநாமம். அதைச் சுற்றி, அரசின் ஐம்பெருங்கொள்கையான பஞ்சசீலாவைச் சுட்டும் ஐங்கோணச் சட்டம். இறைவன் பெயருக்கே அரசு வேலியிட முனைந்ததோ என நாம் திகைக்கிறோம்.

உள்ளூர் வடிவத்தில் குறையில்லை. கீழக்கரையின் பழைய பள்ளியில் கல்தூண்களிடையே தொழுது பழகிய நாம் அதை நன்கறிவோம். ஆனால், மண்ணின் கைவினைஞன் தன் பழக்கத்தால் அமைத்த வடிவம் வேறு. ஆட்சி தன் முத்திரையாக விதித்த வடிவம் வேறு.

1998இல் சுகார்த்தோவின் ஆட்சியும் முடிந்தது. இஸ்திக்லாலில் இன்றும் தொழுகை அணிகள் நிரம்புகின்றன. கிறிஸ்துமஸ் நாளில் எதிரிலுள்ள பேராலயத்துக்கு வருவோர் பள்ளி வளாகத்தில் வண்டிகளை நிறுத்துகின்றனர். பெருநாளில் பேராலயமும் அவ்வாறே இடம் தருகிறது. அருகமைத்தது அரசு, அண்டை வீட்டாராய் ஆக்கியவர்கள் மக்கள்.

ஆதலின் புதிதாகப் பள்ளி எழுப்ப முனைவோர், எத்தனை மீட்டர் உயரம் என்று கேட்குமுன் ஹத்தாவின் கவலையைக் கருதட்டும்: தொழ வருவோர் எங்கே வாழ்கிறார்கள்?