ஒரு மணி நேரம் இனாம்

மெக்சிகோவில் அமேக்கா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம் இனாமாகக் கிடைத்த காலம் அது. ஆற்றுக்குத் தெற்கே ஹலீஸ்கோ மாநிலம், அதில் புவேர்த்தோ வயார்த்தா விமான நிலையம். வடக்கே நயாரித் மாநிலம். இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே வெயில். கடிகாரம் மட்டும் வேறு. தெற்கே மணி மூன்று என்றால் வடக்கே இரண்டுதான். கரையோரத்துப் பெரிய ஹோட்டல்கள் பல, விருந்தாளிகள் குழம்பக் கூடாது என்று வயார்த்தா நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தன. சின்ன ஊர்கள் தங்கள் நேரத்தில் நிம்மதியாக இருந்தன. யாரிடம் மணி கேட்டாலும், "எந்த மணி?" என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். இந்தக் குழப்பத்தில் விமானத்தைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு. 2010 ஏப்ரலில் வயார்த்தா விரிகுடாவை ஒட்டிய நயாரித் பகுதியை வயார்த்தா நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நியாயமான முடிவுதான். ஆனாலும் எனக்கென்னவோ அந்தப் பகுதியில் இருக்கும் சயுலித்தா என்ற கடற்கரை ஊர் அன்றைக்கே கொஞ்சம் கைமாறிப் போய்விட்டதாகத்தான் படுகிறது.

நாங்கள் முதல்முறை அங்கே போனது அதற்கு முந்தைய ஒரு நவம்பர் தொடக்கத்தில். டாலஸில் எனக்கும் கணவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காலண்டரில் காலியிடம் பார்த்துப் பேசிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தோம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்த நேரம் அது. பையனை அவளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். "இத்தனை வருஷம் கழிச்சு என்னடி ரெண்டு பேரும் தனியா?" என்று கேட்டாளே தவிர, புளியோதரை கட்டிக் கொடுக்க மறக்கவில்லை. அதை விமானம் கிளம்புவதற்குள்ளேயே தின்று தீர்த்தோம்.

வயார்த்தா விமான நிலைய வாசலில் டாக்ஸிக்காரர்களிடமிருந்து தப்பித்து வந்தால், நெடுஞ்சாலைக்குக் குறுக்கே ஒரு நடைமேம்பாலம் இருக்கும். அதில் ஏறி எதிர்ப்புறம் இறங்கி நின்றால் பச்சையும் வெள்ளையுமாக ஒரு பஸ் வரும். டாக்ஸி கேட்கும் பணத்தில் சொச்சம்தான் டிக்கெட். புசெரியாஸ் வரைக்கும் சாலையின் இருபுறமும் கடைகள். அதன்பிறகு 200ஆம் எண் நெடுஞ்சாலை மலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது. மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்ததால் சாலை ஓரத்து மரங்களில் கொடிகள் தொங்கி பஸ்ஸின் கூரையைத் தடவின. இவர் வழக்கம்போல மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இப்ப மணி என்னன்னு வெச்சுக்கறது?" என்றார். கழற்றிப் பைக்குள் போடுங்கள் என்றேன். போட்டுவிட்டார். பல வருஷங்களாகச் சொல்லிப் பார்த்து நடக்காத காரியம்!

சயுலித்தாவில் கடற்கரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஊரின் நடுவில் சதுக்கம், சதுக்கத்தை ஒட்டி சர்ச், இரண்டு தெரு தாண்டினால் மணல். தெருவுக்குத் தெரு, கத்தரித்துப் பூவேலை செய்த வண்ணக் காகிதத் தோரணங்கள். மீன்பிடிப் படகுகள் மணலில் ஏற்றிவிடப்பட்டிருக்கும். அவற்றின் மூக்கில் பெலிகன்கள் உட்கார்ந்திருக்கும். ஊருக்கு நேரே உடையும் அலை வலப்பக்கமாக ஓடும். நீளப் பலகைக்குத் தோதான, அவசரமில்லாத அலை. ஆறு வந்து கடலில் சேரும் பக்கமாக, இடப்புறம் உடையும் அலை வேறு ஒன்று. இதே பசிபிக் கரையில் தெற்கே ஒஹாக்கா மாநிலத்தில் புவேர்த்தோ எஸ்கோந்தீதோ இருக்கிறது. அங்கே சிக்கத்தேலா கரையில் எழும் அலை, கைதேர்ந்தவர்களின் பலகையையே முறித்துப் போடும். சயுலித்தாவுக்கு அந்தக் கோபம் கிடையாது. அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கும் அங்கே அலைச்சறுக்கு சொல்லித் தருகிறார்கள்.

"நீ போ. நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்று இவர் ஓலைக்கூரைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். சொல்லித்தர வந்தவன் மீசை முளைக்காத பையன். முதலில் மணலிலேயே பலகையைப் போட்டுக் குப்புறப் படுக்கச் சொன்னான். நெஞ்சுக்குப் பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்ற வேண்டும். ஒரே உந்தில் எழுந்து, கைகள் இருந்த இடத்துக்கு நடுவில் முன்காலைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். முழங்காலில் நின்று யோசிக்கக் கூடாது. பார்வை பலகையின்மேல் போகக் கூடாது, கரையைப் பார்க்க வேண்டும். மணலில் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. தண்ணீருக்குள் போனதும் பலகை வேறு பிராணியாகிவிட்டது. அவன் பின்னால் நின்று பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு, தோள்மேல் திரும்பி அலைகளைப் பார்த்து, "இது வேண்டாம், இதுவும் வேண்டாம்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். திடீரென்று "ரேமா! ரேமா!" என்று கத்தினான். துழாவு என்று அர்த்தம். துழாவினேன். அவனும் தள்ளினான். கவிழ்ந்தேன். மூக்கு வழியாக உப்புத் தண்ணீர் ஏறி மண்டையைத் தொட்டது. மறுபடி, மறுபடி. ஒருமுறை பலகைக்கு அடியில் இருந்த தண்ணீர் சட்டென்று இறுகியதுபோல் ஆயிற்று. அதுவரை கேட்ட சளசளப்பு நின்று சீறல் கேட்டது. நின்றுகொண்டிருந்தேன். கரையும், ஓலைக்கூரையும், செருப்பை மறந்துவிட்டு எழுந்து நின்ற இவரும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். கீழே விழும்வரை எனக்கு வயது நினைவில்லை.

அன்றைக்கு இருந்த பசியில் நான் தின்ற மீனைப் பற்றி இவர் இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். நயாரித்தின் பெருமை சரந்தியாதோ. சிவந்த பெரிய மீனை இரண்டு பாதியும் ஒட்டியிருக்கும்படி பிளந்து, புத்தகமாக விரிக்கிறார்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, எலுமிச்சை எல்லாம் சேர்ந்த விழுதைப் பூசி, கம்பித் தட்டில் அழுத்திப் பிடித்து, விறகு அனலில் வாட்டுகிறார்கள். இதே மாநிலத்தில் சதுப்புநிலக் காயலுக்கு நடுவே வட்டமாக இருக்கும் மெஷ்கல்தித்தான் என்ற தீவுதான் இதற்குத் தாய்வீடு. அங்கே அலையாத்தி மரத்து விறகில் சுடுவது பழைய முறை. தோல் பக்கம் கருகி, சதைப் பக்கம் ஈரம் குறையாமல், தட்டோடு நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். கரண்டி கொடுத்தார்கள்தான். நாங்கள் கையைத்தான் நம்பினோம். நல்லவேளை, மெக்சிகோவில் சோளரொட்டியை வைத்துக்கொண்டு யாரும் கரண்டி தேடுவதில்லை.

மணலில் கூடை சுமந்து வந்த அம்மாவிடம் புளி உருண்டை வாங்கினோம். புளியைப் பிசைந்து, சர்க்கரை, உப்பு, மிளகாய்ப் பொடியில் புரட்டியது. பள்ளிக்கூட வாசலில் ஈர்க்குச்சியில் குத்தி விற்பார்களே, அதன் ஒன்றுவிட்ட தங்கை. புளி ஸ்பானியர் காலத்தில் கப்பலேறி மெக்சிகோ போன சரக்கு. மிளகாய் மெக்சிகோவிலிருந்து கப்பலேறி நம்மூருக்கு வந்த சரக்கு. இரண்டு கரையிலும் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து பிள்ளைகள் நாக்கைச் சப்புக் கொட்டுகின்றன.

சதுக்கத்தில் வெள்ளைத் துணியில் வண்ணத் தையல் போட்ட உடையுடன் ஒரு பெரியவர் மணி ஒட்டிக்கொண்டிருப்பார். வெளியார் ஹுய்ச்சோல் என்று சொல்லும் விர்ராரிக்கா இனத்தவர். மலையிலிருந்து இறங்கி வந்து கைவேலை விற்கிறவர்கள். மரத்தில் செதுக்கிய மான் தலைமேல் தேன்மெழுகு பூசி, கடுகளவு மணிகளை ஊசி நுனியில் எடுத்து, துளை மேலே பார்க்கும்படி ஒவ்வொன்றாக அழுத்துகிறார். மானும் மக்காச்சோளமும் பெயோத்தே கள்ளியும் அவர்களுக்குப் புனிதமானவை. அந்த மூன்றும் வேலைப்பாடுகளில் அடிக்கடி வந்துவிடும். வடக்கே சான் பிளாஸ் கரையில் கடலுக்குள் நிற்கும் வெள்ளைப் பாறைதான் அவர்களுடைய கடல் தாய் ஹராமரா. அவளுக்குக் காணிக்கை வைக்க மலையிலிருந்து நடந்தே வந்த வம்சம். இவர் அந்தப் பெரியவர் பக்கத்தில் குந்தி, மானின் ஒரு காது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மின்னஞ்சலை முழுசாகப் படிக்கப் பொறுமையில்லாத மனுஷன்!

ஊருக்குத் தெற்கே ஒரு சின்ன கடற்கரை உண்டு. பெயரே 'இறந்தவர்களின் கரை'. போகிற வழி இடுகாட்டின் ஊடாக. நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவதாக ஐதீகம். நீலமும் ரோஸுமாகப் பூசிய கல்லறைகளின்மேல் செண்டுமல்லி குவிந்திருந்தது. அந்தப் பூவும் மெக்சிகோதான் பூர்வீகம். குடும்பம் குடும்பமாக வந்து, போனவருக்குப் பிடித்த பலகாரத்தையும் குளிர்பானத்தையும் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீச்சலுடையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுவில் நடந்துபோக எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அவர்களுக்கு இல்லை. ஒரு பாட்டி கூப்பிட்டு ரொட்டி கொடுத்தார். மாமனாரின் திதி நினைவு வந்ததோ என்னவோ, அன்று முழுக்க இவர் தன் அப்பாவைப் பற்றியே பேசினார். அதுவரை எனக்குத் தெரியாத கதைகள்.

பிறகும் சில தடவை போனோம். 2015இல் சயுலித்தாவுக்கு 'மாய ஊர்' என்று மெக்சிகோ அரசு பட்டம் கொடுத்தது. பட்டத்துக்குப் பிறகு தெருவெல்லாம் கோல்ஃப் வண்டிகள். மலைச்சரிவில் கான்கிரீட் மாடிகள். நடுராத்திரி வரை ஒலிபெருக்கி. ஒரு மழைக்குப் பிறகு ஆற்றுவாயைக் காட்டி, "அந்தப் பக்கம் இறங்காதீங்க" என்று மீனவர் ஒருவரே எச்சரித்தார். இத்தனை பேர் வந்தால் இத்தனை பேரின் கழிவும் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? ஊர் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே அடுத்த டிக்கெட்டைப் போடும் கூட்டத்தில் நாங்களும் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு வேலையும் வந்தது, வாடகையும் ஏறியது. அவர்களிடம் கேட்டால் எந்தப் பக்கமும் சாய்ந்து பேச மாட்டார்கள்.

இப்போது வீட்டில் நடக்கும் வாக்குவாதம், அடுத்தமுறை சயுலித்தாவா, சற்று வடக்கே இருக்கும் சான் பாஞ்சோவா என்பதுதான். எழுபதுகளில் அதிபராக இருந்த எச்சவேரியாவுக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. அவர் தயவில் அந்தச் சின்ன ஊருக்கு மருத்துவமனை முதற்கொண்டு கிடைத்தது. இன்றைக்கும் அமைதியான ஊர்தான். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை. ஆனால் அலை கரையோரத்திலேயே படாரென்று விழும். நீந்துவதே ஆபத்து, பலகையை எடுத்துக்கொண்டு நான் எங்கே இறங்குவது? இவருக்கு அதுதான் வசதி. கடலில் இறங்கச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கடைசியில் ஒரு சமாதானம் பேசி வைத்திருக்கிறோம்: தங்குவது சான் பாஞ்சோவில், காலையில் நான் மட்டும் பஸ் பிடித்து சயுலித்தா போய் வர வேண்டியது. மதியம் மீன் அனலில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் வால் பக்கம்தான் மிஞ்சும் என்கிறார்.