வெயிலுக்கு ஒரு கணக்கு

(பத்தாம் வகுப்பு மாணவி, கொட்டாம்பட்டி)

புகைப்படம் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? பிறந்த நாளோ, திருமணமோ, சுற்றுலாவோ, எது வந்தாலும் "ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம்" என்பதுதான் முதற்பேச்சு. இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. நீட்டினால் படம் விழுந்துவிடுகிறது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது சக்கரங்களும் எண்களும் உள்ள ஒரு பழைய டிஜிட்டல் கேமராவைப் பற்றி. அதைச் சரியாக வைக்கத் தெரியாமல் என் தோழி ஒருத்தியின் மனத்தை நான் புண்படுத்தியதைப் பற்றியும்தான்.

எங்கள் ஊர் கொட்டாம்பட்டி. மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் மேலூரைத் தாண்டிச் சென்றால் எங்கள் ஊர் வரும். எங்கள் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு. வெயிலுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. என் பெரியப்பா இளமையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். ஒன்பதாம் வகுப்பில் நான் நல்ல மதிப்பெண் பெற்றதற்காகத் தம்முடைய டிஜிட்டல் கேமராவை எனக்குக் கொடுத்தார். "மெதுவாப் படிச்சுக்க. அவசரமில்லை" என்றார். நான் படிக்கவில்லை. சக்கரத்தை 'ஆட்டோ' என்ற இடத்தில் திருப்பி வைத்துவிட்டு எல்லாம் தெரிந்தவளைப் போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

இந்த ஆண்டு எங்கள் கோ-கோ அணி வெற்றிக் கேடயம் வாங்கியது. "ஆண்டு மலருக்கு ஒரு படம் எடுத்துக் கொடு" என்று சிஸ்டர் என்னிடம் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. காலை பத்து மணி, நல்ல வெயில். புதிதாக வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் அணியை வரிசையாக நிறுத்தினேன். நடுவில் கேடயத்தைப் பிடித்தபடி அணித்தலைவியான என் தோழி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பொத்தானை அழுத்தினேன்.

மறுநாள் வகுப்பில் படத்தைக் காட்டினேன். எல்லோருடைய முகமும் மங்கித்தான் இருந்தது. மாநிறமானவர்களை ஒருவாறு அடையாளம் தெரிந்தது. என் தோழி எங்கள் எல்லோரையும் விடக் கறுப்பு. அவள் முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. கேடயம் தெரிந்தது, பல் வரிசை தெரிந்தது. "பல்லு மட்டும்தான்டி தெரியுது!" என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மதியம் அவள் எங்களோடு சாப்பிட வரவில்லை. தேடிப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "உண்மையிலேயே நான் அப்படித்தான் இருக்கேனாடி?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எனக்கு எடுக்கத் தெரியவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "கேமரா பொய் சொல்லாதுல்ல? வேணும்னா போன்ல வெளுப்பாக்கித் தரட்டுமா?" என்றேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மலர்ல போடறதா இருந்தா, என்னை மட்டும் வெட்டிட்டுப் போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஓடி ஓடி அந்தக் கேடயத்தை வாங்கித் தந்தவளே அவள்தான்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியப்பாவிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இந்தச் சுவர் என்ன நிறம்?" என்று கேட்டார்.

"வெள்ளை, பெரியப்பா. போன மாசம்தான் அடிச்சாங்க."

"படத்துல என்ன நிறமா இருக்கு?"

அப்போதுதான் பார்த்தேன். சுவர் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"வெள்ளைச் சுவரையே சாம்பலாக்கின கேமரா, புள்ளை முகத்தை மட்டும் உள்ளபடி காட்டுமா?" என்றார் பெரியப்பா. எனக்குச் சுருக்கென்றது. கேமரா பொய் சொல்லாது என்று நான் சொன்னதுதான் முதற்பொய்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்று உண்டு. எதிரே இருப்பது சுவரா, முகமா என்று அது பார்ப்பதில்லை. எதைக் காட்டினாலும் மொத்தத்தில் அது நடுத்தரச் சாம்பல் அளவில் வர வேண்டும் என்றே அது கணக்குப் போடும். எதிரே பெரிய வெள்ளைச் சுவர் இருந்தால், "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!" என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், அதற்கு முன்னால் நிற்பவர்களின் முகம் இருளும். ஏற்கெனவே கருமையான முகம் என்றால் முழுவதும் இருளில் மறைந்துவிடும். இக்காலக் கேமராக்களும் கைப்பேசிகளும் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு திருத்திக்கொள்கின்றன. என்னுடைய பழைய கேமராவுக்கு அந்த அறிவு இல்லை.

பிறகு பெரியப்பா பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். அதில் அவர் முதன்முதலில் வைத்திருந்த அக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. ஒரு சுருளில் 12 படங்கள்தான் எடுக்கலாமாம். மீட்டரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. "12 படத்துல ஒண்ணு வீணானாக்கூட முதலாளி திட்டுவார். அதனால கண்ணாலேயே வெளிச்சத்தை அளந்தோம்" என்றார். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரானதையும், பின்னாளில் அது மூடப்பட்டதையும் சொன்னார்.

பிலிம் காலத்தில் உலகம் முழுவதும் பழகிய ஒரு கணக்கை அன்று கற்றுக்கொண்டேன். அதற்குப் பெயர் 'வெயில் பதினாறு'. நிழல் கூர்மையாக விழும் நல்ல வெயிலில் துளை அளவை எஃப் 16-இல் வைக்க வேண்டும். பிலிமின் வேக எண் 100 என்றால், ஷட்டர் வேகம் ஏறத்தாழ நொடியில் 100-இல் ஒரு பங்கு. கேமராவில் உள்ள எண்ணின்படி 125. மெல்லிய மேகம் வந்து நிழல் மங்கினால் எஃப் 11. நிழலே விழாத மேகமூட்டம் என்றால் எஃப் 8. எண் குறையக் குறையத் துளை பெரிதாகும், ஒளி கூடும். எஃப் 16-இலிருந்து எஃப் 8-க்கு வந்தால் ஒளி நான்கு மடங்காகும்; அதற்கு ஈடாக வேகத்தையும் நான்கு மடங்காக்கி 500 என்று வைக்க வேண்டும். எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. வெயில் எல்லோர் மேலும் ஒரே அளவாகத்தானே விழுகிறது!

டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தோடும் அதன் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். என் படத்தின் எண்களை எடுத்துப் பார்த்தோம்: ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, வேகம் 1000. பெரியப்பாவின் கணக்குப்படி வேகம் 500 இருந்திருக்க வேண்டும். "சேர வேண்டிய வெளிச்சத்துல பாதியைத்தான் உன் கேமரா அந்தப் புள்ளைகளுக்குக் கொடுத்திருக்கு" என்றார்.

அதன்பின் இருவரும் உட்கார்ந்து, வெளியிடங்களில் அன்றாடம் படம் எடுக்க ஒரு நிலையான அமைப்பை முடிவு செய்தோம். கேமராவைக் கையில் எடுத்ததும் எப்போதும் அது இந்த இடத்தில் நிற்க வேண்டும்:

துளை அளவை நாம் வைக்க, வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறையில் சக்கரம் இருக்க வேண்டும். என் கேமராவில் அது 'ஏ' என்ற எழுத்து. துளை எஃப் 8. முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஓரளவு தெளிவாக விழுவார்கள். ஐ.எஸ்.ஓ. தானாக மாறும்படி விட்டு, 100-இல் தொடங்கி 1600-க்கு மேல் போகாதபடி எல்லை போட வேண்டும். வேகம் 250-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் அசைகிற பிள்ளைகள் கலங்கிப்போவார்கள். ஓடுபவர்களை எடுக்கும்போது 500-க்குக் குறையக் கூடாது. நிறச் சமநிலை சூரியன் குறியில். கடைசியாக, ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள சக்கரம் பூஜ்யத்தில். கட்டை விரல் எப்போதும் அந்தச் சக்கரத்தின் மேலேயே இருக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்டளை.

மூன்று வாரம் ஒரு நோட்டும் கையுமாக அலைந்தேன். கண்மாய்க் கரையில் வெள்ளைக் கொக்கை எடுத்தேன். புளியமரத்து நிழலில் அப்பத்தாவை உட்கார வைத்து எடுத்தேன், நிழலில் ஐ.எஸ்.ஓ. 800, 1000 என்று தானாக ஏறியதைக் குறித்துக்கொண்டேன். ஒரு ஞாயிறு மாலை அப்பா என்னை அரிட்டாபட்டிக்கு அழைத்துச் சென்றார். 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குன்றின் மேல் வட்டமிட்ட ஒரு பருந்தை எடுத்தேன். பின்னால் பளீரென்ற வானம். பருந்து கரிக்கட்டையாக விழுந்தது. சுவரின் இடத்தில் வானம், அவ்வளவுதான் வேறுபாடு! சக்கரத்தைக் கூட்டல் ஒன்றில் வைத்து மறுபடி எடுத்தேன். இறக்கையின் பழுப்பு நிறம் தெரிந்தது.

ஆனால் அந்தச் சக்கரத்தைத் திரும்பப் பூஜ்யத்தில் வைக்க மறந்துவிட்டேன். மறுநாள் எடுத்த பத்துப் படங்களும் சுண்ணாம்பாக வெளுத்துப்போயின. நல்ல அமைப்பைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, வேலை முடிந்ததும் அதற்குத் திரும்பி வரவும் வேண்டும் என்று அன்று உணர்ந்தேன். இப்போதெல்லாம் கேமராவை உறையில் போடுமுன் ஒரு தடவை எல்லாச் சக்கரங்களையும் பார்த்துவிடுகிறேன்.

இதைப் பற்றி மேலும் தேடிப் படித்தபோது, திணறியது நான் மட்டுமல்ல என்று தெரிந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858-இல் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அக்காலக் காகித நெகட்டிவ்களில் கல்லும் வானமும் ஒருசேரச் சரியாக விழாது. வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் அவர் நெகட்டிவின் மேல் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தாராம்.

இன்னொரு செய்தி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கோடாக் நிறுவனம் 1950-களில் இருந்து, படம் கழுவும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்த முகம் நன்றாக வந்தால் நிறம் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் எப்படி வந்தன என்று நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாக்லேட் செய்பவர்களும் மரச்சாமான் செய்பவர்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்டது, பிலிமைத் திருத்த ஒரு காரணமாயிற்றாம். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் தோழியின் நினைவு வந்தது. அவள் கேட்ட கேள்வியை உலகத்தில் எத்தனை பெண்கள் கேட்டிருப்பார்கள்!

மறுநாள் அவளிடம் போனேன். "பொய் சொன்னது நான்தான். கேமராவை வைக்கத் தெரியாம உன் நிறத்து மேல பழியைப் போட்டுட்டேன். வகுப்புல சிரிச்சதும் தப்பு. மன்னிச்சுக்க" என்றேன். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. "அதே சுவர் முன்னாடி எடுப்பியா?" என்று மட்டும் கேட்டாள்.

சிஸ்டரிடம் அனுமதி வாங்கி, அதே சுவர், அதே காலை பத்து மணி, அதே வரிசை. துளை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100. மீட்டர் அன்றைப் போலவே 1000 என்றது. சக்கரத்தைக் கூட்டல் ஒன்றுக்குத் திருப்பினேன். வேகம் 500-க்கு வந்தது. என் கை கொஞ்சம் நடுங்கியது. அழுத்திவிட்டேன்.

படத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. எல்லோருடைய முகமும் அவரவர் நிறத்தில் இருந்தது. என் தோழியும் கறுப்பாகத்தான் இருந்தாள். ஆனால் கண் இருந்தது, சிரிப்பு இருந்தது, நெற்றியில் வியர்வை மினுங்கியது. அவள் திரையைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். "கீழே விழுந்து வாங்கின தழும்புகூடத் தெரியுதுடி" என்றாள். பிறகு, "இதுல என்னை வெட்ட வேண்டாம்" என்றாள்.

அந்தப் படத்தைத்தான் இந்த ஆண்டு மலருக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புத் தோழியரே, நீங்களும் படம் எடுக்கும்போது ஒருவர் முகம் இருட்டாக வந்தால், அவரைப் பார்த்துச் சிரிக்குமுன் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். வெள்ளைச் சுவர் வெள்ளையாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் குறை முகத்தில் இல்லை; நம் கையில் உள்ள சக்கரத்தில் இருக்கிறது. அதைத் திருப்ப ஒரு விநாடி போதும். நான் அதைக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் என் தோழி மூன்று வாரம் தனியாகச் சாப்பிட்டாள்.