தெருவுக்குப் பேர் கேட், கேட்டுக்குப் பேர் பார்

இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்கு யார் புதுசா போனாலும் ஊர்க்காரங்க முதல்ல சொல்ற ஜோக் இது: "எங்க ஊர்ல தெருவுக்குப் பேர் கேட், கேட்டுக்குப் பேர் பார், பாருக்குப் பேர் பப்." கேட்கச் சிரிப்பா இருந்தாலும் அத்தனையும் உண்மை. 866-ல் வைக்கிங்குகள் இந்த ஊரைப் பிடிச்சாங்க. அவங்க மொழியில 'காட்டா' என்றால் தெரு. அதனாலதான் ஸ்டோன்கேட், ஃபாஸ்கேட், காப்பர்கேட் எல்லாம் தெருக்கள். ஊரைச் சுற்றியிருக்கிற மதிலின் கோட்டை வாசல்களுக்கு மங்க் பார், மிக்கிள்கேட் பார் என்று பெயர். குடிக்கிற இடம் பப். வருஷத்துல நாளுக்கு ஒண்ணுன்னு 365 பப் இருக்குன்னு பெருமையா சொல்லிக்குவாங்க. கணக்கு கொஞ்சம் ஓவர்தான், ஆனா மதிலுக்குள்ள ரெண்டு தெரு திரும்பினா ஒரு பப் கண்ணுல படாம இருக்காது.

இந்த ஊர்ல நான் ஒரு வருஷம் மாஸ்டர்ஸ் படிச்சேன். இப்போ ஐ.ஈ.எல்.டி.எஸ்.க்குப் படிச்சிட்டிருக்கிற ஜூனியர்ஸ் எனக்கு மெசேஜ் பண்ணுவீங்க. ஃபீஸ், ரூம் வாடகை, பார்ட் டைம் வேலை எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, கடைசியா தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்பீங்க: "அக்கா, அங்க குடிக்கலைன்னா தனியா ஆயிடுவோமா?" எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிடறேன்.

முதல்ல, பப்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது, அதாவது பொது வீடு. நம்ம ஊர் பாரை மனசுல வெச்சுக்கிட்டு உள்ளே போனா குழம்பிடுவீங்க. ஞாயித்துக்கிழமை மதியம் பாட்டி, பேரன், மேஜைக்கு அடியில நாய்க்குட்டி என்று குடும்பமே சாப்பிட வந்திருக்கும். ஒரு மூலையில வினாடி வினா நடக்கும். எனக்குத் தெரிஞ்சு இதுக்குப் பக்கத்துல வர்றது நம்ம டீக்கடை பெஞ்ச்தான். ஆனா இதைப் படிக்கிற பெண்களுக்குத் தெரியும், அந்த பெஞ்ச் நம்மளுது கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பொது இடத்துல, 'யார் கூட வந்திருக்கே?'ங்கிற பார்வை இல்லாம நான் நிம்மதியா உட்கார்ந்தது அங்கதான் முதல் தடவை. கையில இருந்தது லைம் சோடா. ஏன் குடிக்கலைன்னு யாரும் கேட்கலை.

அங்க போனா சில விஷயம் பழகிக்கணும். மேஜைக்கு யாரும் வரமாட்டாங்க, கவுன்ட்டருக்கு நாமதான் போகணும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனா யார் முதல்ல வந்தாங்கன்னு கவுன்ட்டர்ல இருக்கிறவருக்கு அத்துப்படி. கையைத் தட்டிக் கூப்பிட்டா வேலைக்கு ஆகாது. வயசு 18 ஆகியிருக்கணும். முகம் சின்னதா இருந்தா ஐ.டி. கேட்பாங்க. கடை மூடறதுக்கு முன்னாடி மணி அடிப்பாங்க, அதுதான் கடைசி ஆர்டர்.

எனக்குப் பிடிச்ச இடம் ஊஸ் ஆற்றங்கரையில இருக்கிற கிங்ஸ் ஆர்ம்ஸ். ஆறு பொங்கினா தண்ணி நேரா பப்புக்குள்ள வந்துடும். எந்த வருஷம் எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு உள்ளே ஒரு பலகையில குறிச்சு வெச்சிருக்காங்க. 2000 நவம்பரில் ஆறு வழக்கமான மட்டத்தைவிட 5.4 மீட்டர் உயர்ந்தது. மத்த ஊர்ல பீர் பீப்பாய் நிலவறையில இருக்கும், இங்க மாடியில. சிவில் பசங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. இந்த பப் சாமுவேல் ஸ்மித் கம்பெனியோடது. 2019-ல் அவங்க தங்களோட பப்கள்ல மொபைல் பயன்படுத்தவே தடை போட்டாங்க. பாட்டும் கிடையாது. எதிர்ல இருக்கிறவங்ககிட்ட பேசித்தான் ஆகணும்.

குடிக்காதவங்களுக்கு இந்த ஊர்ல இடம் இருக்கான்னு கேட்டா, வரலாறே இருக்குன்னு சொல்வேன். கேன்டீன்ல நீங்க வாங்கித் தின்கிற கிட்கேட்டை 1935-ல் கொண்டு வந்தது யார்க்கின் ரௌண்ட்ரீ கம்பெனி. அந்தக் குடும்பம் குவேக்கர் கிறிஸ்தவர்கள், மதுவுக்கு எதிரானவங்க. பீருக்குப் பதிலா ஜனங்க கோகோ குடிக்கணும்னு நெனச்ச கூட்டம் அது. ஊருக்கு வெளியே 1902-ல் அவங்க ஆரம்பிச்ச நியூ இயர்ஸ்விக் குடியிருப்புல பப்பே வைக்கலை. காலரா தண்ணி மூலமா பரவுதுன்னு 1854-ல் லண்டன்ல மேப் போட்டுக் காட்டின டாக்டர் ஜான் ஸ்னோவும் யார்க்கில் பிறந்தவர்தான். அவரும் பல வருஷம் மதுவைத் தொடாம இருந்தவர். லண்டன்ல அந்தத் தண்ணி பம்ப் இருந்த இடத்துக்குப் பக்கத்துல அவர் பேர்ல ஒரு நினைவிடம் இருக்கு. என்ன தெரியுமா? ஒரு பப்!

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 'ரவுண்ட்'னு ஒரு பழக்கம் இருக்கு. அஞ்சு பேர் போனா, ஒருத்தர் அஞ்சு பேருக்கும் வாங்குவார். அடுத்த தடவை அடுத்தவர். நல்ல பழக்கம்தான், என் முறை வந்தப்போ நாலு பைன்ட் பீரும் ஒரு லைம் சோடாவும் தூக்கிட்டு வந்த அன்னைக்குத்தான் அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தின்னு தோணுச்சு. ஆனா நம்ம பாஷையில சொன்னா, இந்த சிஸ்டத்துக்கு க்ளாக் யாரு? வேகமா குடிக்கிறவர். மத்தவங்க எல்லாரும் அவர் வேகத்துக்கு ஓடணும். ஒரு பைன்ட் 568 மில்லி. 4 சதவீத பீர்னா அதுல ஏறக்குறைய 23 மில்லி ஆல்கஹால். 10 மில்லி ஒரு யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீங்கன்னு அந்த அரசாங்கத்தோட மருத்துவ ஆலோசனை. அஞ்சு ரவுண்ட்ல ஒரே ராத்திரியில 11 யூனிட் தாண்டிடும்.

பிப்ரவரியில ஒரு வியாழக்கிழமை, எங்க கூட வந்த நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் அஞ்சு ரவுண்டையும் விடாம குடிச்சான். வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னு அவனுக்கு நெனப்பு. மணி அடிச்சு வெளியே வந்ததும், "நியூ வாக் வழியா போயிடறேன், சீக்கிரம் போயிடலாம்"னான். அது ஆற்றோரப் பாதை. ஒரு வாரமா மழை, ஆறு கரை மேல ஏறியிருந்தது. எங்க லேப் டெக்னீஷியன், அப்பா வயசு இருக்கும், அவர் வீடு எதிர்த் திசையில. ஒண்ணும் திட்டலை. "ஃபிஷர்கேட் வழியா எல்லாரும் சேர்ந்தே நடப்போம்"னு சொல்லிட்டு எங்களோடு வந்தார். அவனை வீட்டு வாசல்ல விட்டுட்டுத்தான் காரணம் சொன்னார். 2014 ஆரம்பத்துல சில மாசத்துக்குள்ள மூணு இளைஞர்கள் அந்த ஊர் ஆறுகள்ல விழுந்து இறந்துபோனாங்க. ராத்திரி வெளியே போனவங்க, வீட்டுக்குத் திரும்பலை. அதுக்கப்புறம் தன்னார்வலர்கள் சேர்ந்து மீட்புப் படகு அமைப்பு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. வார இறுதி ராத்திரிகள்ல ஆற்றோரம் ரோந்து போறாங்க.

"எனக்கு நீச்சல் தெரியும்"னு சொல்லாதீங்க. குளிர்காலத் தண்ணியில விழுந்த உடனே உடம்பு தானா மூச்சை இழுக்கும். அந்த முதல் மூச்சுலயே தண்ணி உள்ளே போயிடும். நம்ம கிணத்து நீச்சல் அங்க உதவாது.

அதனால ஜூனியர்ஸ், என் பதில் இதுதான். பப்புக்குப் போங்க. ரூம்ல தனியா உட்கார்ந்து அழாதீங்க. லைம் சோடா கேளுங்க, உங்க ரவுண்டை நீங்க வாங்குங்க. குடிக்கிறதா இருந்தா அது உங்க முடிவு, ஆனா ரவுண்டை விட்டு எப்போ வேணா வெளியே வரலாம். "இந்தத் தடவை எனக்கு வேணாம்"னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கிளம்பும்போது எத்தனை பேர் வந்தோம்னு எண்ணுங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் போன் போடுங்க. ஆற்றோரம் வேணாம், லைட் இருக்கிற ரோட்டுலயே நடங்க. அடுத்த செப்டம்பர்ல யாராவது யார்க் போறீங்கன்னா சொல்லுங்க, எந்த பப்ல லைம் சோடா நல்லா இருக்கும்னு லிஸ்ட் அனுப்பறேன்.