அரண்மனை நாடகக் கொட்டகை

ஸ்டாக்ஹோம் நகரத்து மியூசியங்களில் ஏறி இறங்கி மூன்றாம் நாள் என் முழங்கால்கள் சத்தியாக்கிரகம் செய்ய ஆரம்பித்துவிட்டன. "ஏங்க, உட்கார்ந்தபடியே பார்க்கிற இடமா ஒண்ணு இல்லையா?" என்றாள் மனைவி. நகரசபை மாளிகையருகே படகு ஏறினோம். மேலாரன் ஏரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய், ட்ராட்னிங்ஹோல்ம் அரண்மனைத் துறையில் இறங்கினோம்.

அரண்மனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதன் பக்கத்தில் இருக்கும் நாடகக் கொட்டகையைத்தான் சொல்ல வேண்டும். லொவீஸா உல்ரீகா என்ற ராணிக்காக 1766-ல் கட்டியது. உள்ளே பளிங்குத் தூண்கள் என்று வியந்து அருகில் போனேன். பளிங்காவது, மண்ணாவது! மரமும் சாந்தும் காகிதக் கூழும், மேலே சாயம். நாடகம் தொடங்குமுன் கொட்டகையே வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறது.

வழிகாட்டிப் பெண் மேடை யந்திரங்களை விவரித்தாள். எல்லாம் மரமும் கயிறும்தான். மேடைக்கு அடியில் ஒரு பெரிய உருளையைச் சுற்றினால், பக்கத்தட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நகர்ந்து, சபையோர் கண்ணெதிரிலேயே காடு மாளிகையாகிவிடும். திருகு திருகாகச் செதுக்கிய மர உருளைகள் சுழன்றால் கடல் அலை. கூரைக்கு மேலே, கற்கள் நிரப்பிய மரப்பெட்டி ஒன்றை அசைத்தால் இடி.

ராணியின் மகன் மூன்றாம் குஸ்தாவ் நாடகப் பித்தர். தாமே நாடகம் எழுதியவர், நடித்தவர். 1792-ல் தலைநகர் ஆபராவில் நடந்த முகமூடி விருந்தில் அவரைச் சுட்டார்கள்; சில நாட்களில் இறந்தார். அதற்குப் பின் இந்தக் கொட்டகையை நாடுவாரில்லை. சாமான் போடும் இடமாகிவிட்டது. 1921-ல் ஆக்னே பெய்யர் என்ற ஆராய்ச்சியாளர் ஏதோ ஒரு சித்திரத்தைத் தேடி உள்ளே நுழைந்தார். தூசிக்கடியில் யந்திரங்கள், திரைகள் எல்லாம் அப்படியே இருந்தன. கயிறுகளை மாற்றி, மின்விளக்குப் போட்டு, மறு வருஷமே மேடையேற்றிவிட்டார்கள். இன்றும் கோடையில் அங்கே ஆபரா நடக்கிறது.

"அந்தக் காலத்து ஜனங்கள் எவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்!" என்று பக்கத்தில் யாரோ வியந்தார். அவர்கள் எங்கே காப்பாற்றினார்கள்? மறந்துபோனார்கள், அவ்வளவுதான். ஆனால் கதவைத் திறந்தவருக்குத் தாம் பார்ப்பது என்னவென்று தெரிந்திருந்தது.

எனக்குத் தெரியவில்லை. என் பெரியப்பா ஒரு நாடக சபாவில் இருந்தவர். ராஜபார்ட் அல்ல, திரைக்குப் பின்னால் நின்று தகரத்தை உலுக்கி இடி இடிப்பவர். அவர் காலமான பிறகு அந்தத் தகரமும், தர்பார் காட்சி எழுதிய இரண்டு படுதாக்களும் எங்கள் வீட்டுப் பரணில் வருஷக்கணக்காகக் கிடந்தன. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணைச் சுத்தம் செய்தவன் நான்தான். படுதாக்கள் வைக்கோற்போருக்கு மூடாக்காகப் போயின. தகரம் பழைய இரும்புக்காரனிடம் போயிற்று.

படகு திரும்புகையில் மனைவி வெகு நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "அந்தத் தகரத்துக்கு என்ன கொடுத்தான்?" என்று கேட்டாள்.

"ஞாபகமில்லை" என்றேன்.

நன்றாக ஞாபகமிருக்கிறது. நாற்பது ரூபாய்.