கறுத்த செம்பு

கோளாறு முழுசாக வந்துவிட்டால் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகிற கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும். என் வண்டியில் இருந்தது இரண்டாவது வகை. காலையில் செல்ஃப் சுவிட்சைத் தொட்ட மாத்திரத்தில் எஞ்சின் கிளம்பும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, எங்காவது நிறுத்தி மறுபடி அழுத்தினால், சீட்டுக்கு அடியில் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதற்குமேல் எதுவும் இல்லை. நிழலில் நிறுத்தி ஆறவிட்டால், எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கேயும் ஒழுங்காகக் கிளம்பும்.

அது ஏரலில் இருக்கிற சித்தப்பா ஓட்டிய வண்டி. 150 சிசி. கிக்கர் கிடையாது. இப்போது வருகிற பல வண்டிகள் அப்படித்தான் இருக்கின்றன. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். கண் பார்வை மங்கியதால் சித்தப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டு வண்டியை என்னிடம் கொடுத்தார்.

முதலில் போன பட்டறையில் பேட்டரி போய்விட்டது என்று புதிதாக மாற்றினார்கள். சில வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதை. அடுத்து ஸ்டார்ட்டர் ரிலேயை மாற்றினார்கள். பலன் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்றார் ஒருவர். கிளட்ச் சுவிட்ச்தான் காரணம் என்றார் இன்னொருவர். எங்கே பழுது என்று தெரியாமல் இனி ஒரு சாமானும் வாங்குவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வண்டி மக்கர் பண்ணும் ஒவ்வொரு முறையும் எழுதினேன்: எவ்வளவு தூரம் ஓடியது, வெயிலா நிழலா, ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அழுத்தும்போது வேறு என்ன நடந்தது. ஹேண்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. ஹேண்டில் கழுத்தில் ஒயர் முறிந்திருந்தால் ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கோளாறு வரும். இங்கே அப்படி இல்லை, எல்லாம் சூட்டோடுதான் சேர்ந்து வந்தது. நோட்டில் இன்னொரு விஷயமும் திரும்பத் திரும்ப வந்தது: ‘டிக்’ என்றதும் மீட்டர் கன்சோல் மொத்தமாக அணைகிறது. விரலை எடுத்ததும் எரிகிறது, ஆனால் கடிகாரம் 12:00 என்று காட்டுகிறது.

அந்த 12:00 எனக்குப் பெரிய தடயமாகப் பட்டது. பழுது மோட்டாரிலோ ரிலேயிலோ மட்டும் இருந்தால் கன்சோல் எதற்கு அணைய வேண்டும்? ஹெட்லைட், ஹாரன், கன்சோல், மோட்டார் எல்லாமே பங்குபோட்டுக்கொள்ளும் ஏதோ ஓர் இடத்தில்தான் மின்சாரம் தடைபடுகிறது.

‘ஹாரன் அடிக்குதே, லைட் எரியுதே, அப்புறம் ஒயர்ல என்ன கோளாறு இருக்கும்?’ என்று கேட்காத ஆள் இல்லை. கணக்குப் போட்டால் பதில் கிடைக்கும். 35 வாட் ஹெட்லைட்டுக்கு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் போதும். ஒயர் இணைப்பில் 0.1 ஓம் தடை ஏறியிருந்தால் அந்த 3 ஆம்பியருக்கு 0.3 வோல்ட்தான் இழப்பு, கண்ணுக்கே தெரியாது. அதே ஒயரில் ஸ்டார்ட்டர் மோட்டார் 60 ஆம்பியர் இழுக்கப் பார்த்தால் 6 வோல்ட் அங்கேயே போய்விடும். மிச்சமிருக்கிற பாதியை வைத்து மோட்டார் எப்படிச் சுற்றும்? ஆக, லைட் எரிவது ஒயருக்கான நற்சான்றிதழ் ஆகாது.

ஸ்டார்ட்டருக்கு இவ்வளவு மின்சாரம் எதற்கு என்று தேடிப் படித்ததில் நான் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போய்விட்டேன். மின்சார ஸ்டார்ட்டரைக் காருக்குள் வெற்றிகரமாகக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தில் வேலை பார்த்தவர். அதற்கு முன்னால் கடைகளில் வைக்கும் கேஷ் ரெஜிஸ்டருக்கு மோட்டார் பொருத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. கல்லாப்பெட்டியைத் திறக்கிற மோட்டார் நாள் முழுக்க ஓடத் தேவையில்லை, ஒரு கணம் பலமாக இழுத்தால் போதும். அதே யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தார். சின்ன மோட்டாருக்குள் அது தாங்குகிற அளவுக்கு மேல் மின்சாரத்தைச் சில நொடி மட்டும் செலுத்தி, சூடாகிக் கருகும் முன்னால் நிறுத்திவிடுவது. 1912 ஆம் ஆண்டின் கேடிலாக் காரில் அது வந்தது. இன்றைக்கும் செல்ஃப் சுவிட்சை விடாமல் அழுத்திப் பிடிக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டே வருஷத்தில், 1914இல், ‘இண்டியன்’ என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் செய்துவந்த ஹெண்டி கம்பெனி மின்சார ஸ்டார்ட்டர் வைத்த வண்டியைக் கொண்டுவந்தது. பெயர் ‘ஹெண்டி ஸ்பெஷல்’. அந்தக் காலத்துப் பேட்டரிகளால் ஈடுகொடுக்க முடியாமல் சீக்கிரமே அது கைவிடப்பட்டது. அதைப் படித்தபோது அந்த எஞ்சினியர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அவர்களுடைய யோசனையில் குறையில்லை, யோசனைக்கு ஏற்ற பேட்டரிதான் அப்போது இல்லை. ஆனால் இன்றைக்கும் செல்ஃப் எடுக்காத வண்டியைப் பார்த்ததும் முதல் சந்தேகம் பேட்டரிமேல்தான் விழுகிறது. என் வண்டியில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்பதை ஓர் ஒயரிங் மெக்கானிக்தான் நிரூபித்தார்.

பாளையங்கோட்டையில் எஞ்சின் பக்கமே போகாமல் ஒயரிங் மட்டும் பார்ப்பவர். எல்லாருக்கும் அண்ணாச்சி. நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“சூடு ஏறுன பொறவுதான மக்கர் பண்ணுது? அப்போ சூட்டோட பாத்தாத்தான் தம்பி உண்டு. இங்க நிப்பாட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது.”

மல்ட்டிமீட்டரையும் ஒரு துண்டு தடித்த ஒயரையும் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார். செய்துங்கநல்லூரில் டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். சுவிட்சை அழுத்தினேன். ‘டிக்’.

“அப்படியே இருக்கட்டும், விரலை எடுத்துராதீங்க” என்று சொல்லிவிட்டு, பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளில் மீட்டரை வைத்தார். சும்மா இருந்தபோது 12.4 காட்டியது, இப்போது 12.1. பேட்டரி செத்திருந்தால் அந்த நேரத்தில் எட்டுக்கோ ஏழுக்கோ விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்றால், பேட்டரியிலிருந்து மோட்டாருக்குத் தேவையான மின்சாரம் வெளியே போகவில்லை என்று அர்த்தம். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்து, மறுபடி அழுத்தச் சொன்னார். இரண்டும் ஒரே எர்த் என்பதால் அங்கே அரை வோல்ட்டுக்குக் கீழேதான் காட்ட வேண்டும். ஒன்பதைத் தாண்டி ஏறி நின்றது. மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட்டில் பெரும்பகுதி மைனஸ் ஒயரிலேயே தங்கிவிட்டது.

அண்ணாச்சி அதோடு விடவில்லை. கொண்டுவந்த தடித்த ஒயரின் ஒரு நுனியை மைனஸ் முனையிலும் மறு நுனியை எஞ்சின் போல்ட்டிலும் அழுத்திப் பிடித்தார். “இப்போ அடிங்க.” எஞ்சின் உடனே உறுமியது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எத்தனையோ பேர் சொன்ன யூகங்களுக்கு நடுவே, கண்ணெதிரே நிரூபணமான முதல் விஷயம் அது. அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அண்ணாச்சியிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பட்டறைக்குத் திரும்பி ஒயரைக் கழற்றினோம். மேலே கறுப்பு உறை, ஒரு கீறல் கிடையாது. ஒயர் நுனியில் எஞ்சினோடு முடுக்குகிற உலோக வளையமான லக்கும் போல்ட்டும் பளபளப்பு. அதனால்தான் பார்த்த யாருக்குமே சந்தேகம் வரவில்லை. அண்ணாச்சி லக்குக்கு மேலே பிளேடால் உறையைக் கீறினார். உள்ளே செம்பு இழைகள் கறுத்திருந்தன, லக்கைப் பிடித்த இடத்தில் பச்சைக் களிம்பு. இன்னும் கீறினார். அரையடி தள்ளியும் கறுப்புத்தான். தொட்டதும் பல இழைகள் உதிர்ந்தன. மிஞ்சியிருந்த சில நல்ல இழைகள்தான் இவ்வளவு நாளும் வண்டியைக் கிளப்பியிருக்கின்றன. எஞ்சின் சூடு லக்குக்கு ஏறியதும் உலோகம் விரிந்து அந்தத் தொடுகையும் தளரும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். புதுப் பேட்டரி கொஞ்ச நாள் சமாளித்ததும் இதனால்தான். தெம்பு அதிகமாக இருந்தவரை அந்தக் குறுகிய வழியிலும் அது தள்ளிவிட்டது.

உயிரோடு ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொல்வார்கள் சைவ சித்தாந்திகள். செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே களிம்பும் உண்டு என்பது கருத்து. இந்த ஒயருக்குள் இருந்தது அப்படி உடன்பிறந்தது இல்லை, வெளியே இருந்து வந்தது. வந்ததென்றால் அதற்கு ஒரு நாள் இருக்க வேண்டும்.

லக்கைக் கவிழ்த்து ஒரு தாளில் தட்டினார் அண்ணாச்சி. பொடிப்பொடியாக வண்டல் விழுந்தது.

“தம்பி, இது தண்ணியில நின்ன வண்டியா?”

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். “ஆமாய்யா, வெள்ளத்துல சீட்டு வரைக்கும் முங்கித்தான கெடந்துச்சு. ஆயில் மாத்தி, பேட்டரி மாத்தி, கழுவி எடுத்தோம். நல்லாத்தான ஓடுச்சு” என்றார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் வெள்ளத்தில் நின்றன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் மாட்டிக்கொண்டு நின்றது. வீடும் பயிரும் போன நேரத்தில் வண்டியின் ஒயருக்குள் என்ன நடந்தது என்று யார் பார்த்திருப்பார்கள்? எஞ்சினுக்குள் போன தண்ணீரை வடித்துவிடலாம். பின்னிய செம்பு இழைகளுக்கு நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளிகளில் ஏறிய தண்ணீரை வடிக்க முடியாது. உறைக்குள் காற்றோட்டமும் இல்லை. அந்த ஈரம் உள்ளேயே இருந்து செம்பைத் தின்றிருக்கிறது. வெள்ளம் வடிந்து வெகுநாள் கழித்து அது ‘டிக்’ சத்தமாக என்னிடம் வந்து சேர்ந்தது.

புது ஒயரை அண்ணாச்சியே வெட்டி, லக் வைத்து நசுக்கி, சுருங்கும் உறை போட்டு மாட்டினார். மறுபடி சூடாக ஓட்டிவந்து அதே இரண்டு இடத்தில் மீட்டரை வைத்தபோது 0.2 வோல்ட். பிறகு ரெகுலேட்டர் கப்ளரையும் ரிலே கப்ளரையும் பிரித்துப் பார்த்தார். இரண்டிலும் வண்டல் இருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினார்.

ராத்திரி சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டு ஸ்கூட்டரும் இப்படித்தான் படுத்துகிறது, அதுவும் அன்றைக்கு முங்கின வண்டிதான், நாளைக்குப் பேட்டரி மாற்றக் கொண்டுபோகிறார்கள் என்றார். மாற்ற வேண்டாம், மீட்டரை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன், அதுவரைக்கும் ஒயரை யாரும் கழற்றாமல் அப்படியே வைத்திருங்கள் என்று சொன்னேன்.